திருவண்ணாமலையில் வளர்ந்த சிறுவனும் உங்கள் வீட்டுப் பழைய மடிக்கணினியும்

உங்கள் வீட்டு அலமாரியின் மேலே, துணி போர்த்தி, பழைய மடிக்கணினி ஒன்று கிடக்கிறதா? பிள்ளைகள்கூட அதைத் தொடுவதில்லையா? அப்படியானால் இந்தக் கட்டுரையை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்க வேண்டும்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடங்கள் திரை வழியே வந்தன. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் முறைபோட்டுப் பார்த்த வீடுகள் எத்தனை! அப்போதுதான் தோட்டத்துக் குடும்பங்கள் பல, கூட்டுப் போட்ட பணத்தை எடுத்தும், ஞாயிறு வேலை செய்தும், காதில் கிடந்ததை அடகு வைத்தும் மடிக்கணினி வாங்கின. புதியது வாங்க வசதியில்லாதவர்கள் பட்டணத்துக் கடையில் பிறர் பயன்படுத்தியதை வாங்கினார்கள்.

அந்தக் கணினிகளின் கதி இன்று என்ன? ஒன்று திறப்பதற்கே பத்து நிமிடம் எடுக்கிறது. இன்னொன்று அடுப்பு மாதிரி சுடுகிறது. மற்றொன்று விசையை அழுத்தினால் கறுப்புத் திரையைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது. கடைக்குக் கொண்டுபோனால், “இது பழைய மாடல், சாமான் கிடைக்காது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். வீட்டுக்காரம்மா பெருமூச்சு விட்டு, அதை அலமாரியின் மேல் ஏற்றி வைக்கிறார்.

பழைய மாடல் என்பது உண்மைதான். ஆனால் பழையது என்பதாலேயே அது செத்துவிட்டது என்று ஆகிவிடாது. ஓர் இயந்திரத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்களும், தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கும்வரை அந்த இயந்திரத்துக்கு ஆயுள் உண்டு. செய்த கம்பெனி மூடிவிட்டாலும் உண்டு! இதை மெய்ப்பிக்க ஒரு கதை சொல்கிறேன். அது நமக்குத் தெரிந்த ஓர் ஊரில் தொடங்குகிறது.

அண்ணாமலையின் அடிவாரத்தில்

ஆர்தர் ஆஸ்போர்ன் என்பவர் ஆங்கிலேயர். பாங்காக் நகரில் ஆங்கில விரிவுரையாளராக இருந்தார். 1939-ஆம் ஆண்டு அங்கே அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் ஆடம். இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோது, தாயும் பிள்ளைகளும் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார்கள். ரமண மகரிஷி வாழ்ந்துகொண்டிருந்த காலம் அது. பாங்காக்கில் இருந்த தந்தையை ஜப்பானியர் பிடித்து முகாமில் அடைத்தார்கள். சயாமும் ஜப்பானியரும் என்றாலே நம் பாட்டன்மாருக்கு என்ன நினைவு வரும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போர் முடிந்த பிறகுதான் ஆர்தர் தம் குடும்பத்தோடு சேர்ந்தார்.

ஆக, ஆடம் ஆஸ்போர்ன் என்ற அந்த வெள்ளைக்காரச் சிறுவன், போர்க்காலம் முழுவதும் தமிழ் ஒலிக்கும் திருவண்ணாமலையில் வளர்ந்தான். பின்னர் படிப்புக்காக இங்கிலாந்து சென்றான். இரசாயனப் பொறியியல் படித்தான். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்றான். எண்ணெய்க் கம்பெனியில் வேலையும் பார்த்தான். வேலை போன பிறகு, கணினியைப் பற்றி எளிய முறையில் புத்தகம் எழுதும் தொழிலில் இறங்கினான். அந்தத் தொழில் அவனை ஒரு விசித்திரமான கூட்டத்தாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கார் கொட்டகையில் கூடிய 32 பேர்

அந்தக் காலத்தில் கணினி என்றால் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். வங்கிக்கும் அரசாங்கத்துக்கும் பெரிய பல்கலைக்கழகத்துக்கும்தான் அது சொந்தம். 1975-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் மின்னணு இதழ் ஒன்று, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளக்கூடிய ‘ஆல்டேர் 8800’ என்ற கணினியை அட்டைப்படமாகப் போட்டது. தனித்தனிச் சாமான்களாக வரும் அந்தப் பெட்டியின் விலை ஏறக்குறைய 400 டாலர். விசைப்பலகை கிடையாது, திரை கிடையாது. முன்பக்கத்தில் வரிசையாகச் சுவிட்சுகளும் சின்னஞ்சிறு விளக்குகளும் மட்டுமே! நினைவகம் 256 எழுத்துகள் அளவு. இந்தக் கட்டுரையின் ஒரு சிறு பகுதியை மட்டுமே அதில் அடக்க முடியும்.

வாங்கியவர்களுக்கு அதை வைத்து என்ன செய்வது என்றே தெரியவில்லை. அதனால் ஒன்று கூடினார்கள். 1975 மார்ச் 5-ஆம் நாள், கலிபோர்னியாவின் மென்லோ பார்க் என்ற ஊரில், கார்டன் பிரெஞ்ச் என்பவருடைய வீட்டுக் கார் கொட்டகையில் முதல் கூட்டம் நடந்தது. பிரெட் மூர் என்பவர் அழைப்புச் சீட்டு அனுப்பியிருந்தார். வந்தவர்கள் 32 பேர். ‘ஹோம்புரூ கணினிக் கழகம்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வீட்டில் காய்ச்சியது என்ற பொருளில் வரும் வேடிக்கைப் பெயர் அது.

அந்தக் கழகத்தில் நடந்த ஒரு செய்தியைக் கேளுங்கள். ஸ்டீவ் டோம்பியர் என்ற உறுப்பினர் தமது ஆல்டேர் கணினியின் பக்கத்தில் ஒரு சின்ன வானொலியை வைத்திருந்தார். கணினி கணக்குப் போடும்போதெல்லாம் வானொலி ‘கொர்’ என்று இரைந்தது. வேறொருவராக இருந்தால் வானொலியைத் தள்ளி வைத்திருப்பார். இவரோ எந்தக் கணக்குக்கு எந்த ஒலி வருகிறது என்று குறித்து வைத்துக்கொண்டார். ஒலிபெருக்கியே இல்லாத கணினியை, வானொலி வழியாகக் கூட்டத்தின் நடுவே பாட்டு வாசிக்க வைத்தார்! கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வந்தவர்கள் பெருகவே கூட்டம் ஒரு பெரிய மண்டபத்துக்கு மாறியது. அதை நடத்தி வைத்தவர் லீ பெல்சன்ஸ்டைன் என்ற பொறியாளர். அவர் வகுத்த முறை எளிமையானது. முதலில் ஒவ்வொருவராக எழுந்து, ‘என்னிடம் இது இருக்கிறது, எனக்கு இது தேவை, எனக்கு இது புரியவில்லை’ என்று சொல்ல வேண்டும். பிறகு ஒருவர் தாம் செய்து பார்த்ததை விளக்கிப் பேசுவார். அதன்பின் எல்லாரும் எழுந்து, தமக்கு வேண்டியவரைத் தேடிப் போய்ப் பேசிக்கொள்ளலாம். வரைபடங்களும் உதிரிச் சாமான்களும் கைமாறும் நேரம் அதுதான். ஸ்டீவ் வோஸ்னியாக் என்ற இளைஞர் தாம் வடிவமைத்த கணினியின் வரைபடத்தை நகலெடுத்து அங்கே இலவசமாகக் கொடுத்தார். ‘ஆப்பிள்’ என்ற பெயரில் 1976-இல் வெளிவந்த முதல் கணினி அதுவே.

அந்தக் கூட்டத்துக்குத்தான் நம் திருவண்ணாமலைச் சிறுவன், இப்போது நடுத்தர வயதுக்காரர், தாம் எழுதிய புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு விற்க வந்தார். அங்கே பெல்சன்ஸ்டைனோடு பழக்கம் ஏற்பட்டது. இருவரும் சேர்ந்து புதிய கணினி ஒன்றை உருவாக்கத் துணிந்தார்கள்.

கையில் தூக்கிப் போகும் கணினி

1981 ஏப்ரலில் ‘ஆஸ்போர்ன் 1’ வெளிவந்தது. வடிவமைத்தவர் பெல்சன்ஸ்டைன். கைப்பிடி போட்ட தையல் இயந்திரப் பெட்டி மாதிரி இருக்கும். மூடியைக் கழற்றினால் அதுவே விசைப்பலகை. நடுவில் ஐந்து அங்குலத் திரை, இன்றைய கைப்பேசித் திரையைவிடச் சிறியது. ஒரு வரியில் 52 எழுத்துகள்தான் தெரியும். எடை ஏறக்குறைய 11 கிலோ. பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிப் பழகியவர்கள் அதையும் தூக்கிவிடலாம். பேட்டரி உள்ளே கிடையாது. போகிற இடத்தில் மின்சாரம் இருக்க வேண்டும். விலை 1,795 டாலர். கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் வேண்டிய மென்பொருள்களையும் அதே விலைக்குள் சேர்த்துக் கொடுத்தார் ஆஸ்போர்ன்.

விற்பனையில் வெற்றி கண்ட முதல் தூக்கிச் செல்லும் கணினி அதுதான். உங்கள் வீட்டு மடிக்கணினிக்கு அதைப் பாட்டனார் என்று சொன்னால் தவறில்லை. ஒரு கட்டத்தில் மாதம் பத்தாயிரம் கணினிகள் விற்றன.

ஆனால் செல்வம் நிலைக்கவில்லை. போட்டிக் கம்பெனி ஒன்று அதே விலைக்குப் பெரிய திரையோடு கணினியைக் கொண்டுவந்தது. ஆஸ்போர்னோ, இதைவிடச் சிறந்த கணினி வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். புதியது வரட்டும் என்று வாங்குவோர் காத்திருக்க, கையில் இருந்த சரக்கு தேங்கியது என்று சொல்வார்கள். 1983 செப்டம்பரில் கம்பெனி திவாலானது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. கம்பெனி மூடிவிட்டது. பழுதுபார்க்கச் சேவை மையம் இல்லை. வாங்கியவர்கள் கணினியைக் குப்பையில் போட்டார்களா? இல்லை! 1981-லேயே கலிபோர்னியாவில் ‘முதல் ஆஸ்போர்ன் குழு’ என்ற பெயரில் பயனர் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. அது தனக்கென ஒரு சிற்றிதழ் நடத்தியது. எந்தப் பாகம் கெட்டால் எதை மாற்றலாம், எந்த மென்பொருளை எப்படி ஓட்டலாம் என்று உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக் காட்டினார்கள். கம்பெனி மறைந்த பிறகும் அந்தச் சங்கம் தொடர்ந்து இயங்கியது. அதே வகையைச் சேர்ந்த மற்ற கணினிக்காரர்களையும் சேர்த்துக்கொண்டது.

ஆடம் ஆஸ்போர்ன் உடல் நலம் குன்றி 1992-இல் இந்தியா திரும்பினார். 2003 மார்ச்சில் கொடைக்கானலில் காலமானார். அவர் செய்த கணினிகளோ, ஆர்வலர்கள் கையில் இன்னும் ஓடுகின்றன.

நாற்பது வயது இயந்திரத்துக்கு வைத்தியம்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய கணினி ஆர்வலர்கள் இன்றும் கூடுகிறார்கள். 1997-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய பழங்கணினித் திருவிழா பல ஊர்களுக்குப் பரவியிருக்கிறது. ஒரு பக்கம் மேசை மேசையாகப் பழைய கணினிகள். மறுபக்கம் சொற்பொழிவு. சொற்பொழிவு என்றால் பெரிய தத்துவம் அல்ல. ‘என் கணினி இப்படிக் கெட்டது, நான் இப்படிக் கண்டுபிடித்தேன், இப்படிச் சரி செய்தேன்’ என்பதுதான் பேச்சு.

அவர்கள் அனுபவத்தில் கண்ட மூன்று பாடங்களை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, பேட்டரி கசிவு. பழைய ‘அமிகா’ கணினிகள் சிலவற்றில் கடிகாரத்துக்காகச் சிறு பேட்டரி ஒன்றைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்திருந்தார்கள். ஆண்டுகள் போகப் போக அது கசிந்து, செம்புக் கோடுகளை அரித்துவிடும். கசிவது காரப்பொருள். ஆகவே வெள்ளை வினிகரைத் தொட்டுத் துடைத்து அதை முறியடிக்கிறார்கள். பிறகு சுத்தமான ஆல்கஹாலால் கழுவுகிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தணிக்கும் என்று பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் படிப்பது இதைத்தான்.

இரண்டாவது, ஈரம். 1980-களில் செய்த கணினிகள் பலவற்றின் மின்பெட்டிக்குள் காகிதத்தால் ஆன ஒருவகைக் கெப்பாசிட்டர் இருக்கும். பல ஆண்டுகளில் அதன் உறையில் வெடிப்பு விழுந்து, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். திடீரென்று மின்சாரம் கொடுத்தால் ‘பட்’ என்று வெடித்துப் புகை கிளம்பும். அதனால் அனுபவசாலிகள் பழைய கணினியைக் கண்டதும் சொருகிப் பார்ப்பதில்லை. முதலில் திறந்து பார்ப்பார்கள்.

மூன்றாவது, மின்சாரம் தரும் பெட்டி. 1982-இல் வந்த ‘கொமடோர் 64’ கோடிக்கணக்கானோர் வீட்டில் இருந்த கணினி. அதற்குத் தனியாக ஒரு மின்பெட்டி உண்டு. அது கெட்டால் சும்மா நின்றுவிடாது. ஐந்து வோல்ட்டுக்குப் பதிலாகக் கூடுதல் மின்சாரத்தை அனுப்பி, உள்ளே இருக்கும் நினைவகச் சில்லுகளைச் சுட்டுவிடும். ஆகவே அந்தக் கணினிக்காரர்களின் முதல் விதி இது: கணினியைத் தொடும் முன் மின்பெட்டியை அளந்து பார்.

இந்த மூன்று பாடங்களும் உங்கள் வீட்டு மடிக்கணினிக்கும் ஓரளவு பொருந்தும்.

அலமாரியின் மேலிருந்து இறக்குங்கள்

ஏறவே இல்லையா? முதல் சந்தேகம் சார்ஜர் மேல் விழட்டும். உருண்டை முனையுள்ள சார்ஜரின் மேல் 19 வோல்ட் அல்லது 20 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். தோட்டத்து வயர்மேனிடமோ ஆலை பிட்டரிடமோ மின்அளவி இருக்கும். அளவி காட்டும் எண் அச்சிட்ட எண்ணை ஒட்டி வராவிட்டால், கெட்டது சார்ஜர், கணினி அல்ல. வேறு சார்ஜர் வாங்கும்போது அதே வோல்ட் இருக்க வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது.

விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறதா? நினைவகப் பலகை தளர்ந்திருக்கலாம். நம் நாட்டு ஈரக் காற்றில் அதன் தொடுமுனைகளில் மெல்லிய அழுக்குப் படியும். சார்ஜரைக் கழற்றி, பேட்டரியையும் பிரித்துவிட்டு, பலகையை மெல்ல எடுத்துத் துடைத்துத் திரும்பப் பொருத்தினால் உயிர் பெற்று எழும் கணினிகள் உண்டு.

தேதியும் நேரமும் தவறாகக் காட்டுகிறதா? பொத்தான் மாதிரி ஒரு சின்ன பேட்டரி தீர்ந்துபோயிருக்கும். பெரும்பாலும் அதன் பெயர் சி.ஆர்.2032. பிள்ளைகளிடம் கேளுங்கள், இந்த எண்ணுக்குப் பொருள் என்னவென்று. 20 என்பது குறுக்களவு 20 மில்லிமீட்டர். 32 என்பது கனம் 3.2 மில்லிமீட்டர். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

அடுப்பு மாதிரி சுடுகிறதா? உள்ளே இருக்கும் காற்றாடியைத் தூசி அடைத்திருக்கும். நம் வீடுகளில் தூசி மட்டுமா? எறும்பும் பல்லியும் குடியிருக்கும்! மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். சில்லுக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையில் பூசிய வெப்பப் பசை காய்ந்திருந்தால் புதிதாகப் பூச வேண்டும். இது பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

மாடு மாதிரி மெதுவாகப் போகிறதா? பழைய மடிக்கணினிகளில் இருப்பது சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றி, ஒரு முள் தேடித் தேடிப் படிக்கும். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற அசையாத சேமிப்பகத்தைப் போட்டால், பத்து நிமிடத்தில் திறந்த கணினி ஒரு நிமிடத்துக்குள் திறந்துவிடக் கூடும். புதிய கணினியின் விலையோடு பார்த்தால் இதன் விலை சிறு பங்குதான். மாற்றும் முன் பிள்ளையின் படங்களையும் பாடங்களையும் வேறிடத்தில் பதிந்துகொள்ள மறக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் கையேடு எங்கே என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் இரண்டு கல்லூரி மாணவர்கள் கெட்டுப்போன மடிக்கணினி ஒன்றைப் பழுதுபார்க்க முனைந்தார்கள். கையேடு கிடைக்கவில்லை. தட்டுத் தடுமாறித் தாங்களே சரி செய்து, செய்த வழியைப் படம் பிடித்து எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். 2003-இல் இப்படித் தொடங்கியதுதான் ‘ஐபிக்ஸிட்’ நிறுவனம். அதன் இலவசக் கையேடுகளில் எந்தத் திருகாணி எங்கே இருக்கிறது என்பதுவரை படம் போட்டிருக்கிறது. ஆங்கிலம் வராதவர்களும் படத்தைப் பார்த்தே பின்பற்றலாம்.

தொடக் கூடாதவை

ஆர்வம் நல்லது. அவசரம் ஆபத்து. மூன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினியின் அடிப்பாகம் உப்பியிருந்தால், உள்ளே லித்தியம் பேட்டரி வாயு நிரம்பி வீங்கியிருக்கிறது என்று பொருள். அதை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடிக்கும். சிறு பிள்ளைகள் பக்கம் போகாமல் பார்த்து, பழகியவரைக் கொண்டு கழற்றுங்கள்.

சார்ஜரையும் மேசைக் கணினியின் மின்பெட்டியையும் பிரிக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் குழாயும் அப்படித்தான்.

இடி மின்னல் நேரத்தில் சார்ஜரை அறவே பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

விண்டோஸ் 10 நின்றுவிட்டதே!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. ஏறக்குறைய 2018-க்கு முன் செய்த கணினிகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. உடம்பில் ஒரு குறையும் இல்லாத கணினிகள்கூட இதனால் மூலைக்குப் போகின்றன.

இதற்கும் மாற்று வழி உண்டு. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கி, தம்மைப் போன்ற ஆர்வலர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டார். பலரும் கைகொடுக்க அது ‘லினக்ஸ்’ என்று வளர்ந்தது. அதன் வகைகளில் ஒன்றான ‘லினக்ஸ் மின்ட்’ இலவசம். 4 ஜிகாபைட் நினைவகமுள்ள பழைய மடிக்கணினியிலும் ஓடும். தமிழில் தட்டச்சு செய்யலாம். இணைய உலாவியில் திறக்கும் பாடங்களையும் கல்வி அமைச்சின் ‘டெலிமா’ தளத்தையும் அதில் பார்க்கலாம். விண்டோஸுக்கென்றே எழுதிய சில மென்பொருள்கள் மட்டும் ஓடா. வீட்டுப்பாடத்துக்கு வேண்டியது ஓடுமா என்று முதலில் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எரிக்காதீர்கள்

எவ்வளவு முயன்றும் பிழைக்காத கணினி இருக்கத்தான் செய்யும். அதிலிருந்து நினைவகம், திரை, விசைப்பலகை எனப் பயன்படுவதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். மீதியைச் செம்புக்காகச் சிலர் வீட்டுப் பின்புறத்தில் எரிப்பதுண்டு. ஒயர் உறையும் பலகையும் எரியும்போது வரும் புகை நஞ்சு. பழைய ஈயப் பற்றில் உள்ள ஈயம் மண்ணில் இறங்கும். அந்த மண்ணில்தான் நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், நாம் கீரை போடுகிறோம். மலேசியாவில் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி மின்னணுக் கழிவு, அட்டவணையிட்ட கழிவு வகையைச் சேர்ந்தது. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைப்பதே முறை.

ஒரு ஞாயிறு, ஒரு மேசை

‘இதெல்லாம் படித்தவர்கள் வேலை, நமக்கெப்படி வரும்?’ என்று தயங்குகிறீர்களா? நன்றாக யோசித்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிளை அக்கக்காகப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் நம் தோட்டத்தில் இல்லையா? செம்பனை ஆலையில் பம்பு ஓடும் ஓசையைக் கேட்டே கோளாறு சொல்லும் பிட்டர் இல்லையா? பட்டணத்துக் கைப்பேசிக் கடையில் வேலை செய்யும் நம் பையன் இல்லையா? இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று தெரியும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் நம் குறை.

2009 அக்டோபர் 18-ஆம் நாள், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற அம்மையார், கெட்டுப்போன பொருளைக் கொண்டுவந்து கூடியிருந்து பழுதுபார்க்கும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். ‘பழுதுபார்ப்புத் தேநீரகம்’ என்ற அந்த ஏற்பாடு இன்று பல நாடுகளில் நடக்கிறது.

நாமும் செய்யலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு போதும். ஆலய மண்டபமோ பொது மண்டபமோ போதும். நல்ல வெளிச்சம், ஒரு நீண்ட மேசை, திருகாணிகள் உருண்டு ஓடாமலிருக்க ஒரு தட்டு, அளவுக்கேற்ற திருப்புளிகள், ஒரு மின்அளவி, ஒரு நோட்டுப் புத்தகம். பெல்சன்ஸ்டைன் வகுத்த முறையையே பின்பற்றுங்கள். முதலில் ஒவ்வொருவரும் எழுந்து தம்மிடம் இருப்பதையும் தமக்குத் தேவையானதையும் சொல்லட்டும். பிறகு ஒருவர் இருபது நிமிடம் ஒரு கோளாறைப் பற்றிப் பேசட்டும். அதன்பின் எல்லாரும் மேசையைச் சுற்றி நின்று வேலையைப் பார்க்கட்டும்.

அந்த நோட்டுப் புத்தகத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். எந்தக் கணினி, என்ன கோளாறு, என்ன செய்தோம், குணமானதா இல்லையா என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். குணமாகாததையும் எழுதுங்கள், அடுத்தவருக்கு அதுவும் பாடம்தான். சிற்றிதழில் எழுதி வைத்துத்தான் ஆஸ்போர்ன் கணினிக்காரர்கள் கம்பெனி இல்லாமலே காலம் தள்ளினார்கள்.

பெண் பிள்ளைகளையும் மேசைக்கு அழைத்து வாருங்கள். திருப்புளி பிடிக்க ஆண் கைதான் வேண்டும் என்று சட்டமில்லை. ஊசியில் நூல் கோக்கும் விரல்களுக்குத் திருகாணி ஒரு பொருட்டா?

ஒன்றை எண்ணிப் பாருங்கள். பத்துக் கணினி மேசைக்கு வந்து மூன்று பிழைத்தாலும், மூன்று வீட்டில் பிள்ளைகள் பாடம் படிக்க வழி பிறக்கும். மூன்று வீட்டுத் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் நின்று பார்க்கும் பத்து வயதுப் பிள்ளை ஒன்று, ‘இந்தப் பெட்டிக்குள்ளே மந்திரம் எதுவும் இல்லை, மனிதன் செய்தது, நானும் திறந்து பார்க்கலாம்’ என்று தெரிந்துகொள்ளும். அந்தத் துணிச்சலைப் புதுக் கணினியோடு சேர்த்து எந்தக் கடையும் விற்பதில்லை.

ஆகவே வாசகர்களே, வருகிற ஞாயிறு அந்த மடிக்கணினியைக் கீழே இறக்குங்கள். தூசி தட்டுங்கள். அடிப்பாகம் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பவில்லையென்றால் சார்ஜரையும் கையில் எடுத்துக்கொண்டு, மின்அளவி வைத்திருக்கும் அண்ணன் வீட்டுப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள்.